முதலில் சாந்து, பிறகு செங்கல்

யட்டியாந்தோட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலிருக்கும் செங்கல் மதிலை பிரேமலதா நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பஸ் வந்து போய்விட்டது. மூன்றாவது பஸ்காரன் ஹோர்ன் அடித்து, வரப்போகிறாளா இல்லையா என்று சிங்களத்தில் கேட்கிறான். "பொட்டக் இன்ன" என்று அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கல் தள்ளிச் சுரண்டுகிறாள்.

அவள் பார்ப்பது செங்கல்லை அல்ல, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஓடும் சாந்துக் கோட்டை. எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். வரக்காப்பொலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள், மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தாள். மண்டபத்துப் பின்சுவரில் சாந்து அரை விரல் உள்வாங்கியிருந்ததை மட்டும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொழில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது. விடிந்ததும் மலையேறி, மத்தியானத்துக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் மிச்சப் பொழுதெல்லாம் கார்ட்போட்டில் சின்னச் சின்னக் கட்டடங்கள் செய்வதற்குத்தான். பட்டையைக் காயப்படுத்தாமல் மெல்லிசாகச் சீவிப் பழகிய கைக்கு பிஸ்கட் பெட்டி எம்மாத்திரம்? பெட்டிகளை பஜாரில் கடை வைத்திருக்கும் கபூர் நானா எடுத்து வைத்துக் கொடுக்கிறார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் கட்டிலுக்கடியில் ஒரு தபாற்கந்தோர், ஒரு பாலம், ஒரு மணிக்கூண்டு இருக்கின்றன. மணிக்கூண்டு படுத்த வாக்கில் இருக்கிறது, நிமிர்த்தினால் கட்டில் இடிக்கும்.

புருஷன் ஸ்ரீதரன் மேசன். கரவனெல்ல வரை அவன் கட்டாத சுவரில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். மேசன் வீட்டுக் குசினியையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். லயத்தோடு ஒட்டிக் குசினியைக் கட்டி எழுப்பியவன், பூசாமலே பதினொரு வருஷத்தை ஓட்டிவிட்டான். மழையடித்தால் ரசம் தானாகப் பெருகும். அடுத்த வீட்டுக் கோகிலா சுவர் ஓட்டை வழியாகவே, "அக்கா, இன்னைக்குக் கருவாடு கொஞ்சம் தீயுது" என்று தகவல் சொல்வாள். ஸ்ரீதரனைக் கேட்டால், சிங்களத்தில் சரி சரி என்று தொடங்கும் ஒரே பதில்: "ஹரி ஹரி, நாளைக்குப் பாப்பம்."

போன மழைக்கு ஒரு தவளை சோற்றுப் பானைக்குள் குதித்தது. அன்றுதான் வாய்ச்சண்டை முற்றியது. அவள் அப்போது செய்துகொண்டிருந்தது, தோட்டத்தில் ரப்பர் சீட்டுக்குப் புகை போடும் பழைய செங்கல் கட்டடத்தின் மாதிரி. உயரம் ஒரு முழம். ஸ்ரீதரன் அதைப் பார்த்து, "கார்ட்போட்டுல கோடு கிழிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? நெசச் செவருன்னு என்னை நம்ப வையி பாப்பம். அன்னைக்கே குசினியப் பூசித் தர்றேன்" என்றான்.

"சொன்ன சொல்லு மாறக்கூடாதுங்க."

"மாற மாட்டேன். நான் மேசன்."

முதலில் வெள்ளைப் பென்சிலால் கோடு போட்டாள். "இது செவரா, கணக்குக் கொப்பியா?" என்றான் அவன். அடுத்து கோதுமை மாவைக் கரைத்து இடுக்குகளில் தேய்த்தாள். சாந்து அசலாக இருந்தது. எறும்புகளுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும், இரண்டே நாளில் வடக்குச் சுவரை வரி வரியாகத் தின்று தீர்த்தன. முகப்பவுடரை அப்பித் துடைத்துப் பார்த்தாள். உற்றுப் பார்க்கக் குனிந்த ஸ்ரீதரன் போட்ட ஒரு தும்மலில் கட்டடத்தின் சாந்தெல்லாம் அவன் மீசைக்குப் போய்விட்டது.

கடைசியில் சிரட்டையின் அடியில் மிஞ்சிய ரப்பர் பாலை ஈர்க்குக் குச்சியால் தொட்டுத் தொட்டு இழுத்தாள். அன்று சாயங்காலம் கோடுகள் மல்லிகைப்பூ மாதிரி வெளுத்திருந்தன. பால் காய்ந்தால் பழுப்பாகும் என்பது இருபது வருஷம் பால் வெட்டியவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆசை மறைத்துவிட்டது. காலையில் சுவர் பீடிப் புகையடித்த நிறத்தில் நின்றது. ஒரு மூலையைக் கிள்ளி இழுத்தாள். நாலு சுவர்ச் சாந்தும் ஒரே வலையாகக் கையோடு வந்தது.

"கொண்டைக்குப் போட்டுக்க, லதா" என்று ஸ்ரீதரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது. வீம்புக்கு அதைக் கொண்டையில் மாட்டிக்கொண்டே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள். அங்கே மூன்று பெண்கள் அது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள்.

ஒரு நாள், ராத்திரி பெய்த மழையில் மலையெல்லாம் சேறு. சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்தவள், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கையில் காய்ந்திருந்த பால் துளியை வழக்கம்போல உரித்தாள். கை முழுக்கச் சேறு. துளி இருந்த இடத்தில் மட்டும் தோல் பளிச்சென்றிருந்தது. அதை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைகூடக் கழுவாமல் வீட்டுக்கு ஓடினாள்.

வேலை தலைகீழாக நடந்தது. புதிதாகச் சுவர் வெட்டி, முழுக்கச் சாந்து நிறம் அடித்தாள். கொண்டை ஊசியால் அழுத்தி இடுக்குகளை இழுத்து, அவற்றில் மட்டும் ரப்பர் பாலை ஓட்டினாள். காய்ந்ததும் அதன் மேலேயே செங்கல் நிறத்தைத் தடவினாள். அதுவும் காய்ந்த பிறகு மூலையைக் கிள்ளி வலையை மெல்ல இழுத்தாள். அடியிலிருந்த சாந்து நிறம் கோடு கோடாக வெளியே வந்தது. "மொதல்ல சாந்து, பொறகுதான் கல்லு" என்று கோகிலாவிடம் அவள் விளக்கியதை எந்த மேசனாவது கேட்டிருந்தால் தொழிலை விட்டிருப்பான்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீதரன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் கட்டடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒற்றைக் கண்ணை மூடி, சுவர் நெடுக ஒரு பார்வை பார்த்தான். கட்டைவிரல் நகத்தால் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டே போனான். சிரிக்கவில்லை. பிறகு, உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று எல்லா மேசன்களும் பார்ப்பதுபோல, விரலை மடக்கி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

விரல் கணு வரைக்கும் உள்ளே போய்விட்டது.

அவன் விரலை இழுத்துப் பார்த்தான். கார்ட்போட் விடவில்லை.

"நெசச் செவருன்னுதானேங்க தட்டினீங்க?" என்றாள் பிரேமலதா.

அவனுடைய வேலைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். அதன் நுனியை அவனுடைய மற்றக் கையில் கொடுத்துவிட்டு, டேப்பை விரித்துக்கொண்டே குசினிப் பக்கம் நடந்தாள்.