வாசலில் வைத்துவிட்டு வந்த சாப்பாடு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குசினியில்தான் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தோம். நான் சமைப்பேன். என் கணவர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒருகொடவத்தைப் பக்கத்து ஒபிஸ்களுக்குக் கொண்டுபோவார். என் மீன் குழம்புக்காகவே வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டபோது, முதல் சில நாட்கள் இடுப்பை நிமிர்த்திப் படுத்தேன். பிறகு பயம் வந்தது. ஒபிஸ்கள் திறந்தபோதும் பாதிப் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் வெளிச்சாப்பாட்டுக்குப் பயந்து வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தார்கள். பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவி அதை மூடியதும் மீனென்றாலே சனம் விலகியது. முட்டைக்கு மாறினேன். தேங்காய் விலை ஏறியது. பார்சல் விலையை நாங்கள் ஏற்றவில்லை. ஏற்றினால் மிச்சமிருந்தவர்களும் போய்விடுவார்கள்.

அப்படியிருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்தது, அடுத்து எனக்கு. ஒழுங்கைச் சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க எங்களை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எதிர் ஃப்ளாட்டில் இருக்கிற டீச்சர் ஜன்னலைச் சாத்தியது எனக்குத் தெரிந்தது.

சுகமாகித் திரும்பி வந்தபோது எங்களிடம் வாங்க ஒருவரும் இல்லை. சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா மட்டும் உள்ளதைச் சொன்னார்.

"எனக்குப் பயமில்ல தங்கச்சி. கடையில வேல செய்றவங்கதான் சாப்பிட மாட்டோம்னு சொல்றாங்க."

அவர் நிலத்தைப் பார்த்தபடிதான் அதைச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

என் கணவர் வாசலில் நிற்கும் ஓட்டோவுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "இதை வித்துப்போடுவம்" என்றார்.

"வித்துப்போட்டு?"

"தெரியேல்ல. இது சும்மா நிக்கிறதைப் பாக்க ஏலாமக் கிடக்கு."

அந்தக் கிழமைதான் டீச்சர் எனக்குப் போன் எடுத்தார். அவருக்கும் கணவருக்கும் தொற்று. ஆஸ்பத்திரியில் இடமில்லை, வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம்.

"சமைக்க எழும்ப ஏலாமக் கிடக்கு. கடைக்காரர் ஒருத்தரும் வாசலுக்கு வரமாட்டினமாம். உங்களுக்கு வந்து போயிட்டுதுதானே, பயமிருக்காதெண்டு நினைச்சன்."

ஜன்னல் நினைவுக்கு வந்தது. ஆனாலும், "சாருக்குச் சோறு இறங்குமா மிஸ்?" என்று கேட்டேன்.

"கஞ்சி எண்டால் குடிப்பார்."

அவருக்குக் கஞ்சியும் டீச்சருக்குச் சோறும், இரண்டு பேருக்குமாகக் கொத்தமல்லி அவித்த தண்ணீரும் அனுப்பினேன். என் கணவர் கதவடியில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு இறங்கி வந்தார்.

டீச்சர் எங்கள் நம்பரை வேறு வீடுகளுக்கும் கொடுத்தார். வெள்ளவத்தை வரைக்கும் ஓட்டோ ஓடியது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கிருந்தே போனில் பேசி, இங்கே தனியாகக் கிடக்கும் பெற்றோருக்குச் சாப்பாடு சொன்னார்கள். மாஸ்க்கோடு அடுப்படியில் நின்று மூச்சு முட்டியது. போன் அடித்தால் மனம் குளிரும். உடனே, யாரோ ஒருவர் வீட்டில் வருத்தமாய்ப் படுத்திருக்கிறார் என்பதும் நினைவுக்கு வரும். இரண்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் சமைத்தேன்.

ஒரு காலையில் டீச்சர் போன் எடுத்து, "இண்டைக்குக் கஞ்சி வேண்டாம்" என்றார்.

"சாருக்குச் சோறு குடுக்கலாமெண்டு சொல்லிட்டினமா?"

"இனி எனக்கு மட்டும் ஒரு பார்சல் காணும்" என்றார்.

என் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். செத்தவீட்டுக்குப் போக யாருக்கும் அனுமதியில்லை. டீச்சரே சாரின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று அந்த ஒரு பார்சலை நானே கொண்டுபோனேன். வைத்துவிட்டு இறங்கி வரவில்லை. கதவுக்கு வெளியே, படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் அழுவது கேட்டது. "நான் இங்கதான் இருக்கிறன் மிஸ்" என்று மட்டும் சொன்னேன்.

நோய் குறையக் குறைய அந்த ஓடர்களும் குறைந்தன. அது நல்லதுதான், ஆனால் எங்கள் வருமானமும் அதோடு போனது. ஒபிஸ்காரரில் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டார்கள். நிமிர்வதற்குள் சமையல் கேஸ் தட்டுப்பாடு வந்தது. விறகில் சமைத்தோம். ஓட்டோவை விற்கவில்லை. இப்போது அதில் என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறார், பார்சல் நேரத்துக்கு மட்டும் வீட்டுக்கு வருவார்.

டீச்சர் மத்தியானத்தில் தானே நடந்து வந்து, எங்கள் குசினிக் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த நாட்களைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வேன்.