ஞானசேகர் குறைத்து வைத்த பாட்டு

போன வாரம் திருப்பூரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது குன்னூரிலிருந்து ப்ரியா கூப்பிட்டாள். "அப்பா போயிட்டாருங்க ஆன்ட்டி" என்றாள். அவள் அம்மா ராணிதான் போனை வாங்கி, மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று சொன்னார். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். மேட்டுப்பாளையம் தாண்டும்வரை அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்காகவா இத்தனை அழுகை என்று கிளம்பும்போதே பள்ளியில் ஒருவர் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவந்துவிட்டேன். ஞானசேகரை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஞானசேகரை உங்களில் பலருக்குத் தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியனாகத் தெரியும். சர்ச்சில் மைக் செட் பார்த்துக்கொண்டவராகச் சிலருக்குத் தெரியும். எனக்கு அவர் முதலில் ஒரு தொல்லையாகத்தான் அறிமுகமானார். பழைய பங்களா ஒன்றை நடுவில் பலகை அடித்து இரண்டு வீடாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் அவர் குடும்பம், மறுபாதியில் நானும் என் அம்மாவும். தரையும் மரம். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடியதும் அவருக்கு வேலை போயிற்று. மகள் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் பெரிய ஸ்பீக்கரை மாட்டி, மதியம் முழுக்கப் பழைய பாட்டாகப் போட ஆரம்பித்தார். பேஸ் கிடார் என்றால் அவருக்கு உயிர். எனக்கோ பாட்டு என்றாலே தலைவலி. சுவரைத் தாண்டிப் பாட்டு வராது, அடியில் இருக்கும் அந்த பேஸ் கிடாரின் தும் தும் மட்டும் தரை வழியாக வந்து அலமாரித் தம்ளர்களை ஆட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே நின்று சண்டை பிடித்தேன். மன்னிப்புக் கேட்டார். இரண்டு நாள் அடங்கியிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு அப்போது ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலேறி வந்து, இங்கேயும் தோட்டத்திலேயே உழைத்து ஓய்ந்தவர். தேயிலை ஃபேக்டரியை அவர் கடைசிவரை 'ஸ்டோரு' என்றுதான் சொன்னார். ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது ஞானசேகர் அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்தி வந்துகொண்டிருந்தார். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அம்மாவின் முழங்காலில் ரத்தம். சரிவில் விழுந்து கிடந்தாராம். ஏன் வெளியே போனீர்கள் என்று கத்தினேன். "ஸ்டோரு ஓடுதே புள்ள, நேரமாச்சு" என்றார் அம்மா. தரையில் வந்த அதிர்வை மிஷின் ஓடுவதாக எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். ஞானசேகரின் முகம் வெளுத்துப்போயிற்று.

அன்றோடு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நிம்மதிதான். சில நாள் கழித்து ராணி வந்து, அவர் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சோறு இறங்கவில்லை, பயமாக இருக்கிறது என்றார். வேலை போன மனிதருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. நானே போய்ப் பாட்டு போடச் சொன்னேன். யோசித்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார்.

பாட்டின் ஓசைகளைக் காட்டும் ஒரு நேர்க்கோடு திரையில் இருந்தது. அதில் லோ ஷெல்ஃப் என்று ஒரு வசதி இருந்தது. ஒரு புள்ளியைக் குறித்துவிட்டால் அதற்குக் கீழே உள்ள கனத்த ஓசையெல்லாம் படி இறங்கியது போல மொத்தமாகத் தணியும். வேண்டுமானால் ஏற்றவும் செய்யலாம். என்னை எங்கள் பக்கம் போய்த் தரையில் உள்ளங்கையை வைத்துக்கொள்ளச் சொன்னார். "இப்ப எப்பிடிங்க டீச்சர்?" என்று பலகைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கேட்டு இறக்கினார். முதலில் இருநூறு ஹெர்ட்ஸில் புள்ளி வைத்தார். பாடகரின் குரல் வற்றிப்போனதாம். நூறுக்குக் கொண்டுவந்ததும் குரல் திரும்பியது, அதிர்வு மட்டும் போயிற்று. அம்மா கட்டிலில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். பாட்டு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். "தூள் போட மறந்த டீயாட்டம் இருக்குதுங்க" என்று சிரித்தார். அந்த டீயைத்தான் அவர் வருஷக்கணக்கில் குடித்தார்.

அதற்குள் மலையே காலியாகிக்கொண்டிருந்தது. கிளை வெட்டிக் கவாத்து செய்ய ஆளில்லாமல் செடிகள் மரமாகின. எங்கள் வரிசையில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அம்மா படுக்கையில் விழுந்தார். வேலைக்கு எழுந்து ஓடுவதெல்லாம் போய், வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. கஞ்சியைத் தள்ளிவிட்டு, "ஸ்டோரு சத்தமே இல்லியே, நிப்பாட்டிட்டாங்களா? மறுபடி நம்மளக் கப்பலுக்குப் பேர் குடுத்துட்டாங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். இல்லை அம்மா என்று நான் எத்தனை சொன்னாலும் நம்பவில்லை. கடைசியில் ஞானசேகரிடம் போய் நின்றேன். நானே நிறுத்த வைத்த அந்தத் தும் தும்மை எப்படித் திருப்பிக் கேட்பது என்று தெரியாமல் நானும் அழுதுவிட்டேன்.

அம்மாவின் புலம்பல் பலகை வழியாக அவருக்கும் கேட்டிருந்தது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். "ஏத்தறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் கொறச்சுக்கோணுங்க. இல்லாட்டி சத்தம் கிழிஞ்சு போயிரும்" என்று சொல்லியபடி முதலில் எல்லாவற்றையும் தணித்தார். பிறகு கீழ்ப்பகுதியை மட்டும் மெல்ல உயர்த்தினார். நான் ஓடிவந்து பார்த்தபோது தரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணைத் திறந்து, "ஓடுது" என்றார். அன்று கஞ்சி குடித்தார்.

அம்மா இறக்கும்வரை தினமும் அப்படியே செய்தார். ஒருமுறை அவர் அறைக்குள் போனபோதுதான் அங்கே எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. பாட்டே இல்லை. குரலை விழுங்கிய ஒரே முழக்கம். ராணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். நல்ல ஓசைக்காக ஏங்கிய மனிதர் அதற்கு நடுவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் காரியம் முடிந்ததும், இனி உங்கள் இஷ்டப்படி கேளுங்கள் அண்ணா என்று சொன்னேன். திரையிலிருந்த கோட்டை நேராக்கி ஒரு பாட்டு போட்டார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கோடையில் மாற்றல் வாங்கிக்கொண்டு நான் மலையிறங்கிவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாயங்காலம், ஜெபத்துக்குக் கீர்த்தனை போடுவதற்காகப் ப்ரியா கம்ப்யூட்டரைத் திறந்தாள். அந்தக் கோடு கீழே இறங்கியே கிடந்தது. இன்னும் ஏன் இப்படி என்று கேட்டேன். "அந்தப் பக்கம் கைக்கொழந்த இருக்குதுங்க ஆன்ட்டி. மத்தியானம் தூங்குமில்ல" என்றாள்.

நாங்கள் இருந்த பாதிக்குப் போனேன். சின்னப் பெண், இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். பெரியவர் ரொம்பத் தங்கமானவர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாளும் சத்தமே வந்ததில்லீங்க. பாட்டுக் கேக்கற பழக்கமே இல்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சோம்" என்றாள்.

கேட்பார் என்றேன். தினமும் கேட்பார் என்றேன். எங்கள் பக்கம் வராமல் அவர் தனியாகக் கேட்டு முடித்த அந்தப் பாட்டுகள்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை.