வளர்ற டிராக்டருக்கு ஒரு சைஸ் கூட

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு டிராக்டரை முன்னங்கால் தூக்க வைத்தேன். குதிரை இல்லை சார், டிராக்டர்! அதுவும் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையில்.

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன். சிரிப்பதாக இருந்தால் கடைசியில் மொத்தமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி செல்வியைத் திருவரங்குளம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் லேசுப்பட்டதில்லை. மேளம் முன்னால் போகும், தட்டுகள் பின்னால் வரும், ஊர் வாசலில் நின்று கண்ணாலேயே அளந்துவிடும்.

மாப்பிள்ளை புதிதாக மினி டிராக்டர் வாங்கியிருந்தார். மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் கடலைக் கொல்லையை நிரவ ஒரு பாக்ஸ் பிளேடு இல்லையே என்று போனில் புலம்பியது ஞாபகம் வந்தது. டிராக்டரின் பின்னால் மாட்டுகிற, அடிப்பக்கம் திறந்த இரும்புப் பெட்டி அது. மேட்டில் மண்ணைச் சுரண்டி வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டும். அதையே சீரில் வைத்தால்? தட்டில் வாழைப்பழம் வைத்துச் சலித்த ஊர், மிரண்டுவிடாதா?

கிளம்பினேன் கடைக்கு.

"பின் டயரு ரெண்டுக்கும் வெளிப்பக்கமா அளந்தா எவ்வளவு அகலம்ங்க?" என்றார் கடைக்காரர்.

"தெரியாதே..."

"டயர்த் தடம் மறையணும். ரெண்டு பக்கமும் லேசா நீட்டிக்கிட்டு இருந்தாப் போதும். சின்ன வண்டிதானே? நாலரை அடி சரியா இருக்கும்ங்க. அதுக்கு மேல போனா வண்டி இழுக்காது."

அவர் சொன்னது காதில் விழுந்தது. கண்தான் வேறு எங்கோ இருந்தது. ஓரமாக, நீலப் பெயின்ட்டில், ஆறடியில், மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது ஒன்று.

இங்கே என் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு ஒரு சட்டைகூட அளவாக வாங்கியதில்லை. 'வளர்ற புள்ள... ஒரு சைஸ் கூடவே எடுங்க' என்ற வசனத்தில் வளர்ந்த உடம்பு இது. என் பள்ளிக்கூடச் சட்டையின் தோள், முழங்கையில்தான் நிற்கும். அப்படிப்பட்டவன் அளவாக வாங்குவேனா?

"அந்த ஆறடியே குடுங்கண்ணே. கூடக் கெடந்தா என்ன, கடிக்கவா போவுது?"

கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பிளேடுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, மேளத்தோடு வண்டியில் கொண்டுபோய் இறக்கினோம். செல்வியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எதிலும் குறை கண்டுபிடிக்கும் அவள் மாமியாரே பிளேடை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பரவால்ல, மாமன் சீரு கனமாத்தான் இருக்கு" என்றார்.

கறிச்சாப்பாடு முடிந்ததும் கூட்டம் கொல்லைக்கு நகர்ந்தது. மாப்பிள்ளை பிளேடை மாட்டி மண்ணில் இறக்கி, வண்டியை நகர்த்தினார். பெட்டி நிறைந்தது. டிராக்டர் முக்கியது... முனகியது... முன் சக்கரம் இரண்டும் மேலே கிளம்பின. ஜல்லிக்கட்டுக்குப் போகிற ஊர்க்காரர்கள் அல்லவா, விசில் பறந்தது! பின் டயர் நின்ற இடத்திலேயே சுற்றி, நிரவ வந்த கொல்லையில் புதிதாக இரண்டு பள்ளம் தோண்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

மாப்பிள்ளை பத்திரமாக இறங்கி வந்தார்.

"எதுக்கு மச்சான் இம்புட்டுப் பெருசு?"

"இல்ல மாப்ள... பின்னால ஆகுமேன்னு..."

"டிராக்டர் வளராது மச்சான்!"

"திருப்பிக் குடுத்துட்டு, அளவா ஒன்னு வாங்கியாந்துருங்க தம்பி" என்றார் மாமியார். நியாயமான யோசனைதான். ஆனால் செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கிட்டு வாண்ணே. மேளம் கொட்டிக் கொண்டாந்த சீரு இது. திரும்ப வண்டியில ஏறுச்சுன்னா, 'அண்ணன்காரன் குடுத்ததத் தூக்கிட்டுப் போயிட்டான்'னு நான் காலம் பூராக் கேக்கணும். இது இந்த ஊரு எல்லையத் தாண்டக் கூடாது."

அவள் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் காது குத்திய என் மருமகள் ஓடிவந்து, நான் எடுத்துக்கொடுத்த பட்டுப் பாவாடை தடுக்கிப் பொத்தென்று விழுந்தாள். தூக்கிவிட்ட செல்வி பாவாடையைப் பார்த்தாள். பிளேடைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதையும் நீதானே எடுத்த?"

"வளர்ற புள்ள..."

"டக்கு புடிச்சுட்டாப் போச்சு!"

டக்கு என்றால் துணியை மடித்துத் தைத்து அளவைக் குறைப்பது; வளர்ந்ததும் பிரித்துவிடலாம். ஆனால் அவள் சொன்னது பாவாடைக்கு இல்லை, பிளேடுக்கு! பட்டுப்புடவையோடு டேப்பை எடுத்துவந்து டயருக்கு டயர் அளந்தாள். பிளேடின் இரண்டு ஓரத்திலும் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"ரெண்டு பக்கமும் சமமாக் கொறைக்கணும். ஒரு பக்கமே புடிச்சா இழுத்துக்கிட்டு நிக்கும்."

"ஏத்தா, இது என்ன ஜாக்கெட்டா?" என்றார் மாமியார்.

"எல்லாம் ஒன்னுதான் அத்தே!"

வெல்டரைக் கொல்லைக்கே வரவழைத்தோம். சீர் எல்லையைத் தாண்டவில்லை. ஓரங்களை வெட்டி, பக்கத் தகடுகளை உள்ளே தள்ளி ஒட்டினார். ஆறடி நாலரை அடியானது. மறுபடி மாட்டி ஓட்டியபோது டிராக்டர் முனகவே இல்லை. போன தடம்கூடத் தெரியாமல், தோசை வார்த்த மாதிரி மண் பரவிக்கொண்டே வந்தது. மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தார். "தச்ச கை நல்ல கை" என்று தன் மருமகளை, ஆமாம், மருமகள் செல்வியை, பாராட்டினார்!

வெட்டிய துண்டுகள் கீழே கிடந்தன. பழைய இரும்புக்குப் போடலாம் என்று எடுத்தேன். செல்வி பாய்ந்து பிடுங்கினாள்.

"வைண்ணே அங்கிட்டு! நாளைக்குப் பெரிய டிராக்டர் வாங்குனா பிரிச்சு விட்டுக்கலாம்ல?"

பார்த்தீர்களா... இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை!