ஆறாம் வகுப்பின் ஒலிப்பதிவு

சிவகௌரி புலம்பெயர்ந்து ஹவுன்ஸ்லோவில் இருக்கிறார். கிழமை நாட்களில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. வேலைக்குப் போகும் பஸ்ஸில், இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, மொழி ஆசிரியர்களுக்கான பாட்காஸ்ட் ஒலித்தொடர்களைக் கேட்பார்.

2023 தை மாதத்தில் ஒரு நாள் அதில் ஒரு பெண் சொன்னதை அவரால் மறக்க முடியவில்லை. பிள்ளை பேசும்போது, அதன் பதிலுக்காக ஒருவர் உண்மையிலேயே காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பேச்சல்ல, ஒப்பித்தல்.

எங்கள் பள்ளியில் ஒப்பித்தல்தான் நடந்துவந்தது. ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிக்கு ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை பாடமாக்கும், பெற்றோர் பரிசுக் கிண்ணத்தை வைத்து ஆசிரியரை அளப்பார்கள். முந்தைய வருடம் ஆறாம் வகுப்புக்கு ஒரு கிண்ணமும் கிடைக்கவில்லை. இந்த முறையும் கிடைக்காவிட்டால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுப்பது என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. குழுவின் செயலாளராக அதைப் பதிவு செய்தவன் நான்.

அப்படியிருந்தும் சிவகௌரி பள்ளி அதிபர் விஜயரத்தினத்திடம் போனார்.

“பிள்ளையள் தாங்களே ஒரு பாட்காஸ்ட் செய்யட்டும் சேர். வீட்டில ஆரிட்டையாவது, தங்களுக்கு உண்மையா அறியவேணும் எண்டிருக்கிற ஒரு கேள்வியைக் கேட்டுப் பதிஞ்சு கொண்டுவரட்டும்.”

“செய்யுங்கோ ரீச்சர். ஆனா விழாவில போடக்கூடிய மாதிரி இருக்கவேணும்.”

அந்தச் சொல் பெற்றோர் காதுக்கு எட்டியது. அடுத்த சனிக்கிழமை வந்த பதிவுகள் எல்லாம் “மதிப்புக்குரிய நடுவர் அவர்களே” என்று தொடங்கின. கேள்வியையும் பதிலையும் தாய் தகப்பனே எழுதி, பிள்ளைகளைப் பாடமாக்க வைத்திருந்தார்கள். ஒரு தகப்பன், தன் மகன் கேட்ட கேள்விக்குச் செய்தி வாசிப்பதுபோலப் பதில் சொல்லியிருந்தார்.

டிலக்சனாவின் பதிவு மட்டும் வேறு. பின்னால் தாச்சியில் எண்ணெய் பொரியும் சத்தம்.

“அம்மா, ஏன் நீங்கள் என்ர ஸ்கூல் மீட்டிங்குக்கு வாறேல்லை?”

“வந்து? உங்கட ஸ்கூல் ரீச்சர் இங்கிலீசில கதைப்பா, நான் பொம்மை மாதிரி தலையாட்டவேணும். பிறகு உனக்குத்தான் வெக்கம்.”

கரண்டி தாச்சியில் தட்டுப்படும் சத்தம்.

“எனக்கு வெக்கம் இல்லை. வாங்கோ. நான்… நான் உங்களுக்குத் தமிழில சொல்லுவன்.”

சிவகௌரி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அதிபருக்கும் எனக்கும் போட்டுக் காட்டினார். “நல்லாயிருக்கு,” என்றார் அதிபர். “ஆனா சனத்துக்கு முன்னால போடேலுமோ? தாயிட்டைக் கேளுங்கோ.”

டிலக்சனாவின் தாய் பிரமிளா பள்ளி வாசலில் நின்று அதைக் கேட்டார். பதிவு முடிய முன்பே முகம் கறுத்துவிட்டது.

“ஐயோ ரீச்சர், இதை அழியுங்கோ. ஊரெல்லாம் சிரிக்கும். என்ர பிள்ளையை ஏன் ஒதுக்கிறியள்? மற்றப் பிள்ளையளுக்கு மாதிரி இவளுக்கும் ஒரு நல்ல பேச்சு எழுதித் தாங்கோ.”

“அக்கா, அவள் உங்களோட எவ்வளவு வடிவாக் கதைச்சிருக்கிறாள் எண்டு கேட்டியளோ?”

“கதைக்கிறது வீட்டில கதைக்கலாம். கிண்ணம் மேடையிலயெல்லோ குடுக்கினம்.”

சிவகௌரி அவர் கண் முன்னாலேயே அழித்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வழக்கம்போலக் காதில் பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, போனிலேயே ‘தாய்மொழியின் பெருமை’ என்று தலைப்பிட்டு டிலக்சனாவுக்கான பேச்சை எழுதத் தொடங்கினார் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஆனி மாத விழாவில் டிலக்சனா ஓரிடமும் தடுமாறவில்லை. இரண்டாம் பரிசு. பிரமிளா முன்வரிசையில் நின்று வீடியோ எடுத்தார். ஆறாம் வகுப்பு சிவகௌரியிடமே இருக்கட்டும் என்று குழு ஏகமனதாக முடிவெடுத்தது.

கிண்ணத்தோடு மேடையால் இறங்கிய பிள்ளை நேரே சிவகௌரியிடம் வந்தாள்.

“வாஸ் இட் ஓகே, மிஸ்?”

சிவகௌரி தமிழில் பதில் சொல்ல வாயெடுத்தார். பின்னால் பெற்றோர் நின்றார்கள், அதிபர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

“வெரி குட், டிலக்சனா,” என்றார்.