கம்ப்யூட்டர் திரையைப் பார்த்த அத்தை

திருத்தணியில் நாங்கள் போகும் கிளினிக்கில் கம்ப்யூட்டர் புதிதாக வந்திருந்த நேரம். காய்ச்சலில் கிடந்த தங்கையை அழைத்துப் போனேன். பெயர் பதியும் பெண் ஏதோ தட்டியதும் பழைய விவரமெல்லாம் திரையில் வந்துவிட்டது.

"வலிப்பு மாத்திரை இன்னும் சாப்டுகினு இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

திரை, பெஞ்சில் காத்திருப்பவர்களைப் பார்த்தபடி இருந்தது. அங்கே தங்கைக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அத்தை! அவர் பார்வை திரையிலேயே இருந்தது. வலிப்பு விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்வது என்று அதுவரை தயங்கிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் அடித்தாலே மாப்பிள்ளை வீடோ என்று ஓடினேன். தங்கைதான், "யாரோ சொல்றதுக்கு முன்ன நானே சொல்லிடறேன்க்கா" என்று மாப்பிள்ளைக்குப் போன் செய்து, கிளினிக்கில் அத்தை பார்த்ததையும் சொன்னாள்.

"டாக்டரு சரின்னா எனக்கு இன்னா? அத்தை கூட ஒண்ணும் சொல்லலியே" என்றாராம் அவர்.

கல்யாணத்தன்று அத்தையிடம் கேட்டேவிட்டேன்.

"ஆங், பார்த்தேன். அது அந்தப் பொண்ணு சொல்ல வேண்டியது. நான் எதுக்குமா சொல்லணும்?" என்றார்.

எல்லாரும் அந்த அத்தையாக இருக்க மாட்டார்கள். இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "திரையை அந்தப் பக்கம் திருப்புங்க, மெதுவா கேளுங்க" என்ற பிறகுதான் பெயரையே சொல்கிறேன். முறைக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் திருப்பிவிடுகிறார்கள்.