தேய்த்தெடுத்த பெயர்

புதுச்சத்திரத்தில் சின்னண்ணன் வீட்டுக்கு வழி கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். வேண்டியவர்கள் ‘துப்பாக்கிக்காரர் ஊடு’ என்பார்கள். வேண்டாதவர்கள் ‘தொரை கூடாரத்துல கை வெச்சவன் மகன் ஊடு’ என்பார்கள். இரண்டும் ஒரே ரிவால்வரைப் பற்றிய பேச்சுதான்.

அவருடைய அப்பா கருப்பண்ணன், ரோடு அளக்க வந்த வெள்ளைக்காரத் துரையிடம் குதிரை பார்த்துக்கொண்டவர். ஓர் ஐப்பசியில் திருமணிமுத்தாற்று வெள்ளம் துரையை இழுத்துக்கொண்டு போனபோது பின்னாலேயே குதித்து, தலைமயிரைப் பிடித்துக் கரையேற்றினார். சீமைக்குக் கப்பல் ஏறும்முன் துரை அந்த ரிவால்வரை அவர் கையில் கொடுத்து, லைசென்சுக்கும் சொல்லிவிட்டுப் போனார். கூடக் கொடுத்த கடிதத்தைக் கரையான் தின்றது. கருப்பண்ணனும் காலமானார். அப்புறம் ஊருக்கு வாய் முளைத்தது. லைசென்சு இருக்கிறதே என்று சின்னண்ணன் ஒருமுறை சந்தையில் வாதாடியபோது, ‘தாசில்தார் முத்திரை குத்துனா திருட்டு மாடு சொந்த மாடாயிருமா?’ என்று ஒருவன் கேட்டான். சந்தையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அந்த ரிவால்வரை அவர் சுட்டதே கிடையாது. ஆயுத பூஜைக்கு மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரும். கலப்பைக் கொழு, அரிவாள், கடப்பாரையோடு அதையும் புளி போட்டு, செங்கல் பொடியால் தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைப்பார்கள். குத்துவிளக்கைப்போல அது மின்ன வேண்டும் அவருக்கு. பார்த்தவன் கண் கூச வேண்டும். மனைவி குப்பாயி தேய்த்தது எந்த வருடமும் அவருக்குப் போதவில்லை.

ஒரு வருடம் குப்பாயி கையை நிறுத்திவிட்டு, “ஏனுங்க, மேல்பக்கம் கோடு கோடா என்னமோ செதுக்கியிருக்குதுங்க. எழுத்தாட்டந் தெரியுது” என்றாள்.

“இரும்புல என்னடி எழுத்து? அழுக்கு அடைஞ்சு கெடக்குது. உனக்குக் கை வணங்கலீன்னா இங்க குடு” என்று பிடுங்கினார். கதிரரிவாள் தீட்டும் அரத்தை எடுத்து, கோடு மறையும் வரை இழுத்தார். இரண்டு நாள் தோள் வலித்தது. துப்பாக்கி கண்ணாடியாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம் மகள் வசந்தாமணிக்கு எருமப்பட்டியிலிருந்து இடம் வந்தது. கிணறும் காடும் உள்ள குடும்பம், பையனும் தங்கமானவன். நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்ற நாள் பார்க்கும் நேரத்தில் யாரோ பழைய கதையை ஊதிவிட்டார்கள். பையனின் அப்பா குழந்தைவேல் நேரில் வந்து மோர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். திருட்டுச் சொத்து இருக்கிற வீட்டில் தம் பங்காளிகள் கை நனைக்க மாட்டார்களாம். சேலம் கோட்டைப் பக்கம் துப்பாக்கி பழுது பார்க்கும் பாலசுந்தரம் என்று ஒருவர் இருக்கிறாராம். தொட்டுப் பார்த்தே வயதும் விலையும் சொல்வாராம், போலீஸ் கச்சேரிக்காரர்களே அவரிடம்தான் கேட்பார்களாம். இனாமாகக் கொடுத்த துப்பாக்கி என்றால் எங்காவது ஓர் அடையாளம் இருக்கும், அவர் வாயால் சொல்லட்டும், மறுநாளே வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம்.

சின்னண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வருடப் பழி ஒரே நாளில் கழுவப்படப் போகிறது. கிளம்பும்முன் இன்னொரு தடவை புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார்.

அவரும் குழந்தைவேலும் முதல் பஸ்ஸில் சேலம் போனார்கள். மடியில் துணிப்பை, அதற்குள் வேட்டியில் சுற்றிய ரிவால்வரும் லைசென்சும். பாலசுந்தரம் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார். இதன் உடம்பு நிறம் கருநீலம், இப்படி வெள்ளை வெளேரென்று ஆக்கியது யார் என்று கேட்டார். சின்னண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

பாலசுந்தரம் சிரிக்கவில்லை. பிடியின் மரத்தைத் திருகாணி கழற்றிப் பிரித்தார். புளி போகாத அந்த இடத்தில் மயில்கழுத்து நிறமும் ஓர் எண்ணும் அப்படியே இருந்தன. குண்டு போடும் உருளையைத் தள்ளி, அறை ஓரத்துக் குட்டி முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அசல் சீமைச் சரக்கு, ஐம்பது வருடத்துக்குக் குறையாது என்றார். சின்னண்ணன் சம்பந்தியாகப் போகிறவரை ஒரு பார்வை பார்த்தார். கடைசியாகப் பாலசுந்தரம் துப்பாக்கியின் மேல்பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார்.

“இது இனாம் துப்பாக்கிதாங்க, சந்தேகமில்லை. இங்கிலீசுல ‘இன்னாருக்கு’ன்னு ஆரம்பிச்சிருக்கு. ‘டூ’ங்கற அந்த ரெண்டெழுத்து மட்டும் லேசா நிக்குது. அதுக்கப்புறம் பேர் வரணும். அந்த இடத்தை அரம் போட்டு எடுத்திருக்காங்க” என்றார். பெயர் இருந்திருந்தால் முந்நூறு ரூபாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்களாம். இப்போது முப்பதுக்கே ஆள் தேட வேண்டுமாம்.

குழந்தைவேல் குரலை உயர்த்தவில்லை.

“யாருக்கோ குடுத்ததுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சுங்க. உங்கப்பனுக்குக் குடுத்திருந்தா உங்கப்பன் பேரை எதுக்குங்க அழிக்கோணும்? அடுத்தவன் பேரைத்தான் அழிப்பாங்க.”

அந்த அரம், அந்தத் தோள் வலி, கோடு கோடாக எழுத்து என்று சொன்ன குரல், எல்லாம் சின்னண்ணன் முன் ஒன்றாக வந்து நின்றன. அப்பாவின் பெயரை யாராவது எழுதி வைத்த ஒரே இடம் அது. நான்தான் இழுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“ஊட்டுப் பொம்பளைங்க பண்ணுன வேலைங்க. அவளுக்கு எழுத்தா தெரியும்?” என்றார்.

குழந்தைவேல் அதை நம்பவில்லை. திரும்பும் பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தார். எருமப்பட்டியிலிருந்து அப்புறம் ஒரு சொல்லும் வரவில்லை.

ஆனால் ஊர் நம்பியது. உறவுக்காரிகள் குப்பாயியின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள், மகள் வாழ்வையே புளி போட்டுத் தேய்த்துவிட்டாயே என்று. வசந்தாமணி அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள். குப்பாயி யாருக்கும் பதில் சொல்லவில்லை. புருஷனை மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அந்த வருட ஆயுத பூஜைக்குக் கொழுவும் அரிவாளும் பளபளவென்று வரிசையில் வந்தன. ரிவால்வரை மட்டும் குப்பாயி தொடவில்லை. பெட்டியோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஓர் உருண்டை புளி, அதன்மேல் அந்த அரம்.

“இந்த வருசம் நீங்களே தேச்சுருங்க. இன்னும் ரெண்டெழுத்து மிச்சம் இருக்குதாமுங்க” என்றாள்.