சாயங்காலக் காய்ச்சல்

எண்பதுகளின் தொடக்கத்தில் வில்லியனூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை இரும்பும் பித்தளையும்தான் கடைந்தோம். முதலாளி ஒரு நாள் மெட்ராஸிலிருந்து டெஃப்லான் ராடுகளை வரவழைத்து என் மிஷின் பக்கத்தில் இறக்கினார். மருந்து ஆலைகளுக்கு வாஷர் செய்துகொடுக்க வேண்டுமாம். மெழுகுவத்தி போல வெள்ளை. அமிலம் பட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்றார். சத்தமே இல்லாமல் நாடா நாடாக உரிந்து விழும்; வெள்ளைத் தூள் கையிலும் சட்டையிலும் படியும். விழுந்ததை மிதித்தால் கால் வழுக்கும். அந்தப் பிளாஸ்டிக்கில் ஆபத்து அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தோம்.

எனக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சாயங்காலம் என் ஊர் செலியமேட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போதே முதுகு சில்லிடும். நெஞ்சு இறுகி வறட்டு இருமல் வரும். வீடு சேர்வதற்குள் உடம்பு உதறும். விடிந்தால் வியர்த்து விட்டுப்போயிருக்கும். வராத நாளிலும் நிம்மதி கிடையாது. மூன்று மணியிலிருந்தே நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. எழுந்து வாய்க்கால் வரை போய்த் திரும்புவேன். என் அப்பா இருமி இருமியே செத்தவர். அந்த நினைப்பை மனைவியிடம் சொல்லவில்லை.

"ஆசுபத்திரியில இன்னாதாங்க சொன்னாங்க?" என்றாள்.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லையாம். மறுபடி வந்தா வரச் சொன்னாங்க."

"ஒண்ணும் இல்லாமலா இப்புடி ஒதறுது? திரோபதையம்மனுக்கு வேண்டிக்கினேன். நீங்க தீமிதி எறங்கணும்."

காப்புக் கட்டினேன். பட்டறையில் நின்றபடியே பீடி குடிக்கிறவன் நான்; காப்புக் கட்டியவன் அதைத் தொடக்கூடாது. அந்த விரத நாட்கள் முழுக்க வேலைக்குப் போனேன். காய்ச்சல் வரவே இல்லை. மனைவி முகம் தெளிந்துவிட்டது. நான் மட்டும் அது எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தீ மிதித்துக் காப்பு அவிழ்த்த மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆசையாக ஒரு பீடி பற்றவைத்தேன். அன்று சாயங்காலம் பாதி வழியிலேயே சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. புளியமரத்தில் சாய்ந்து நின்று உதறினேன். நடுவில் மாறியது எது என்று யோசித்தேன். பீடி ஒன்றுதான்.

பக்கத்து லேத்தில் இரும்பு கடைபவர் கரியமாணிக்கம் ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். பீடியால்தான் காய்ச்சல் வருகிறது என்று அவரிடம் சொன்னேன்.

"நானுந்தான் கட்டுக் கட்டா ஊதறன். எனுக்கு வரலியேடா."

"நீ கடையிறது இரும்புண்ணே. என் கையில, சட்டையில எல்லாம் இந்த வெள்ளத் தூளு. பீடியோட சேந்து அதுவும் எரியுது."

"சொம்மா இருடா. இன்னிக்கி நான் ஒன் மிசின்ல நிக்கிறன், பாக்கலாம்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. நாள் முழுக்க டெஃப்லான் கடைந்தார். தூள் படிந்த விரலாலேயே பீடி எடுத்து எடுத்துக் குடித்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

என்னால் மிஷினில் நிற்க முடியவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வெயிலில் கரியமாணிக்கத்துக்கு மிதித்தேன். வழியெல்லாம் கெட்டதாகவே தோன்றியது. அவர் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். அவர் மனைவி, "ராத்திரியெல்லாம் மாரு அடைக்கிதுன்னு கத்துறாரு. இன்னா வேலபா செய்றீங்க அங்க?" என்று என்மேல் பாய்ந்தாள்.

அவர் கம்பளியை விலக்கி, "நீ சொன்னது செரிதான்டா" என்றார்.

அவர் எழுந்து வந்ததும் இருவருமாக முதலாளியிடம் போனோம். வில்லியனூர்க் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. சந்தேகம் வந்தால் விடமாட்டார். மெட்ராஸ் வியாபாரிக்கு எங்கள் எதிரிலேயே டிரங்கால் போட்டார். போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்ச விஷயந்தானாம். தூளு சும்மா இருந்தா ஒண்ணும் செய்யாதாம். நெருப்புல பட்டாத்தான் விஷப் புகை. பட்டறைக்குள்ள பீடியே கூடாதுங்கறான். கழிவைக்கூடக் கொளுத்தக் கூடாதாம்."

கொல்லையில் சருகோடு சேர்த்துக் கொளுத்த டெஃப்லான் கழிவை ஒரு குவியலாக வைத்திருந்தோம். அன்றே சாக்கில் அள்ளிக் கட்டினோம். குழாயடியில் சோப்பு வந்தது. பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வாசலுக்கு வெளியே ஒரு தகர டப்பாவில் போய்ச் சேர்ந்தன. கரியமாணிக்கத்துக்காரர் கை கழுவிவிட்டு வெளியே போய்க் குடித்தார். நான் பீடியையே விட்டுவிட்டேன்.

காய்ச்சல் அதோடு நின்றது. ஆனால் பட்டறையில் யாராவது பீடிக்கு மடியைத் தடவினால் போதும், எனக்குக் கை ஓடாது. பிறகு புதிதாகச் சேர்ந்த ஒருவன் மிஷின் பக்கத்தில் நின்றபடியே தீக்குச்சி உரசினான். போய் ஊதி அணைத்தேன்.

"இன்னாபா, ஒரு பீடிக்கா இந்த ஆட்டம்?" என்றான்.

"கைய கழுவிட்டு வெளிய போய்க் குடி. அப்பால சொல்றன்."

முறைத்துக்கொண்டே குழாயடிக்குப் போனான். அவன் சோப்புப் போட்டுக் கழுவி முடிக்கும்வரை நான் லேத்தை ஓட்டவில்லை.